ஊனம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது.

தோல் பிரிவில் போஸ்டிங் தொடங்கப்போகிறது என்று போனில் சொன்னாய். “தொழுநோயைத்தான் ஒழிச்சாச்சே மாமா, அதை எதுக்கு இவ்வளவு படிக்கணும்?” என்றும் கேட்டாய். தொழுநோய் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தே ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா அது! போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது. நீ கேள்விப்பட்டது அதைத்தான். ஆனால் இன்றைக்கும் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. உலகத்தின் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தான். ஆகவே உன் ஓ.பி.க்கும் ஒருவர் வருவார்.

1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹேன்சன் கண்டுபிடித்த இந்தக் கிருமி சரியான சோம்பேறி. ஒன்று இரண்டாகவே இரண்டு வாரம் போல ஆகும். உள்ளே போய் அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகலாம். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் இயற்கையாகவே இதை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. தோலில் தெரியும் தேமலின் எண்ணிக்கையையும் நரம்புப் பாதிப்பையும் பார்த்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து சிகிச்சை தருகிறார்கள். மாத்திரை இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி அடுத்தவருக்குப் பரப்பும் நிலையைத் தாண்டிவிடுகிறார். இத்தனை எளிதாகக் குணமாகும் நோய்க்கு இவ்வளவு பெரிய பயம் ஏன்?

கை கால் விரல்கள் மடங்கி, குறைந்து போவதைப் பார்த்துத்தான். அந்த ஊனம் எப்படி வருகிறது என்பதுதான் நீ படிக்க வேண்டிய பாடம்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. ‘செத்த கை’ என்று எல்லோரும் நினைத்த கையில் நல்ல தசைகள் மிச்சம் இருந்தன. செயலிழந்த தசையின் வேலையை நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றிச் செய்யவைக்கும் அறுவை சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

விரல்கள் குறைவதன் காரணத்தையும் அவரும் கூட்டாளிகளும் தேடினார்கள். சதை தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. சூடான டம்ளரைப் பிடித்தாலும் முள் குத்தினாலும் தெரியாது. புண்ணோடு நடப்பார்கள், புண் எலும்பு வரை போகும். இரவில் தூங்கி எழுந்தால் சிலருக்கு விரலில் சதை காணாமல் போயிருந்தது. விழித்திருந்து கவனித்ததில் எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

ஆக, ஊனத்தைத் தடுக்கலாம். நரம்பு கெடுவதற்கு முன் மருந்து தொடங்குவதுதான் முக்கியம். அதுதான் நடக்காமல் போகிறது, ஏன் தெரியுமா? ஊனத்தைப் பார்த்து ஊர் பயப்படுகிறது. ஊருக்குப் பயந்து நோயாளி தேமலை மறைக்கிறார். மறைப்பதால் சிகிச்சை தள்ளிப்போகிறது. தள்ளிப்போனதால் நரம்பு கெட்டு ஊனம் வருகிறது. அதைப் பார்த்து ஊர் இன்னும் பயப்படுகிறது. நோயால் நோயாளிக்கு என்ன விளைவு, சமூகத்துக்கு என்ன விளைவு என்று தனித்தனிக் கேள்வியாக உங்களுக்குப் பரீட்சையில் கேட்பார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே சங்கிலி.

மருந்தே ஆளைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் மாத்திரை தோலைக் கறுக்கச் செய்யும். நிறுத்திய பிறகுதான் மெல்ல மெல்லப் பழைய நிறம் வரும். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் “தொடர்ந்து சாப்பிடு” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவள் அடுத்த மாதம் வரமாட்டாள். உணர்ச்சியற்ற காலுக்கு நாங்கள் கொடுக்கிற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பும் அப்படித்தான். பாதத்தைக் காப்பாற்றும், ஆனால் ஒரே மாதிரிக் கறுப்பாக இருப்பதால் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு எம்.சி.ஆர். அடித்தட்டை வைத்துக் கடைச் செருப்பு மாதிரியே தைத்துக் கொடுத்தோம். போட்டுக்கொண்டார்கள். மருந்துக்கு வராமல் நின்றுவிடுபவர்களை ‘டிஃபால்டர்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது சுலபம். எழுதுமுன் ஏன் வரவில்லை என்று கேள்.

சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ திடீரென்று நரம்பு வீங்கி வலிக்கும், தேமல் சிவக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி கிளம்புவதால் வரும் ரியாக்‌ஷன் அது. முன்பே சொல்லியிருந்தால் நோயாளி உடனே ஓடி வருவார். ஸ்டீராய்டு கொடுத்துக் கையைக் காப்பாற்றலாம். சொல்லாவிட்டால் மாத்திரைதான் கெடுத்தது என்று நிறுத்திவிடுவார். அதனால் முதல் நாளே சொல்லிவிடு.

கை சரியானாலும் கதை முடிவதில்லை. வேலூரில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர் திரும்பி வந்து, இந்தக் கையோடு பிச்சையும் கிடைக்கவில்லை, வேலையும் தர மறுக்கிறார்கள் என்று பிராண்டிடம் சொன்னார்கள். அதனால்தான் அங்கே தச்சு வேலை கற்றுத்தரும் இல்லம் உருவானது. அதே வேலூரில், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் ஒரு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

சட்டமும் நெடுங்காலம் பயத்தின் பக்கமே நின்றது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். நடுவில் முப்பத்தைந்து வருடம்! தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்றிருந்ததை 2019இல்தான் எடுத்தார்கள். உன்னிடம் வரும் பெண்ணின் புகுந்த வீட்டுக்கு இது தெரிந்திருக்காது. நீ சொல்ல வேண்டியிருக்கும்.

போஸ்டிங்கில் நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிறம் மங்கிய தேமலைக் கண்டால் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல். முழங்கை நரம்பைத் தடவிப் பார். என்ன வேலை செய்கிறார் என்று கேள். அடுப்படி வேலையா, செங்கல் சூளையா என்பதைப் பொறுத்துத்தான் கையைக் காக்கும் வழி மாறும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குத் தினமும் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவச் சொல்லிக்கொடு. வாயால் சொன்னால் போதாது, ஒரு தடவை நீயே செய்து காட்டு. வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தடுப்புக்காக ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும்போது, நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் பெயர் வெளியே போகக் கூடாது. இன்னாருக்கு இருக்கிறது என்று ஒரு வாய் வார்த்தை கசிந்தால் அந்தத் தெருவில் அடுத்த தேமல் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

நீ மருந்து எழுதும் நேரம் இரண்டு நிமிடம். இவ்வளவையும் பேசப் பத்து நிமிடம் ஆகும். ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதே. மாத்திரையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், மறைக்காமல் வரும் தைரியத்தை டாக்டர்தான் கொடுக்க முடியும்.

அத்தானையும் அக்காவையும் விசாரித்ததாகச் சொல். பரீட்சைக்கு நன்றாகப் படி.

அன்புடன்,
உன் மாமா