பூச்சிய நாள்: நாய்க்கடி பற்றி ஒரு பாடவேளை

கம்பம் பள்ளத்தாக்கில் நாய் இல்லாத தெரு கிடையாது. திராட்சைத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் காவல் நாய்கள், வீட்டில் ஒரு செல்ல நாய், அடுப்படியில் ஒரு பூனை. தமிழகம் முழுதும் பெயர்பெற்ற கோம்பை நாய், நம் மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கியதுதான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாயைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். கணுக்காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. "முள்ளு கிழிச்சிருச்சு டீச்சர்" என்றாள். தனியே அழைத்துக் கேட்டபோதுதான் உண்மை வந்தது. "குட்டி நாய்தான் டீச்சர், லேசாப் பல்லு பட்டுச்சு." கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லாததற்கு அவள் இரண்டு காரணங்கள் சொன்னாள். அம்மா விடியுமுன்பே ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். இரண்டாவது, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற பயம்.

பள்ளிக் குழாயடியில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போடப்பட்டது. எல்லாத் தவணைகளையும் முடித்து இன்று நலமாக இருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு நாள் என்னை உறுத்தியது. அடுத்த வாரம் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்கினேன்.

செயல்பாடு 1: ஏன் சோப்பு?

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரஸுக்குக் கொழுப்பாலான வெளியுறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு எப்படிச் சுத்தமாக்குகிறதோ, அப்படியே அந்த உறையையும் சிதைக்கிறது. எண்ணெய் தடவிய இரண்டு தட்டுகளை, ஒன்றை வெறும் நீராலும் மற்றதைச் சோப்பாலும் கழுவச் சொன்னேன். விளக்கம் தேவைப்படவில்லை.

கழுவ வேண்டிய நேரம் 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்க்காமல், 15 நிமிடம் ஆனதும் கை தூக்கச் சொன்னேன். பாதிப்பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூக்கிவிட்டார்கள். "அவ்வளவு நேரமா டீச்சர்!" என்ற வியப்புதான் அன்றைய பாடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைரஸைக் கொல்லாது, காயத்தைப் புண்ணாக்கும்.

செயல்பாடு 2: பூச்சிய நாள்

அந்த வைரஸ் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அது மூளையை எட்டுமுன் தடுப்பூசி நம் உடலை ஆயத்தப்படுத்திவிட வேண்டும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியை ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குப் போடச்செய்து காப்பாற்றிய கதையை இங்கே சொல்லலாம். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-தான் உலக வெறிநோய் தினம்.

வயிற்றில் போட்டது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய தடுப்பூசி. இந்தியாவில் 2005 வாக்கில் அது கைவிடப்பட்டது. இன்று கையில்தான் ஊசி. தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள். ரத்தம் வரும் காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை.

முதல் ஊசி ஜூன் 10 என்றால் மற்றவை எப்போது? பலர் ஜூன் 10-ஐ ஒன்றாம் நாளாக எண்ணி 12 என்றார்கள். கரும்பலகையில் எண்கோடு வரைந்து, 10-இன் கீழ் பூச்சியம் எழுதியதும் புரிந்தது: 13, 17, ஜூலை 8. "28 நாள்னா நாலு வாரம். முதல் ஊசி போட்ட கிழமையிலேயே கடைசி ஊசியும் வரும்" என்று ஒரு மாணவன் கண்டுபிடித்தான். அம்மாவின் வேலை நாளைத் திட்டமிட இந்தக் கணக்கு உதவும்.

செயல்பாடு 3: நாய் பேசும் மொழி

வால் ஆட்டும் நாயெல்லாம் நட்பாக இருப்பதில்லை. உடல் விறைத்து, வால் உயர்ந்து வேகமாக ஆடினால் விலக வேண்டும். உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்காக அடித்துப் பழக்கினால், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிய நாய் ஆகிய நான்கையும் நெருங்கக் கூடாது. காதை மடக்கி மயிர் சிலிர்த்த பூனையும் அப்படித்தான்.

நாய் துரத்தினால் ஓடாமல் மரமாய் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக் கல்லாய்ச் சுருள வேண்டும். "மரம்!", "கல்!" என்று நான் சொல்ல, மைதானத்தில் விளையாட்டாகவே பழகினார்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

* நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தவணையில் தொடர வேண்டும்.
* நம் ஊரில் முக்கியமானது: திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். தோட்டத்து நாய்க்கு உதிர்ந்த பழத்தைப் போட வேண்டாம். வெங்காயமும் ஆகாது.
* நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே எடுக்கும்.
* "வீட்டு நாய்தானே" என்றோ "10 நாள் நாயைக் கவனிப்போம்" என்றோ ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாயைக் கவனிப்பதும் ஊசியைத் தொடங்குவதும் ஒரேநேரத்தில் நடக்கட்டும்.

மதிப்பீடு

தாளில் எழுதச் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கு இதைச் சொல்லிவிட்டு, அவர் கேட்ட கேள்வியை வகுப்பில் கூறச் சொன்னேன். "நகம் கீறினாலுமா?" என்பதே அதிகம் வந்த கேள்வி. ஆம், கீறலுக்கும் கழுவ வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. "ஏன் நாயிடம் போனாய்?" என்று நாம் முதலில் கேட்டால், அடுத்த பிள்ளை முள் கிழித்தது என்றுதான் சொல்லும். "எப்போது கடித்தது? வா, கழுவுவோம்" என்பதே நம் முதல் பேச்சாக இருக்கட்டும். இப்போது எங்கள் பள்ளிக் குழாயடியில் ஒரு சோப்பு எப்போதும் இருக்கிறது.