கோடை வாசிப்பு: நீரிழிவுடன் வாழ்வோர் கூறும் நூல்கள்

கடும் வெயில் அடிக்கும் நண்பகலில் வீட்டிற்குள் இருப்பதே நீரிழிவு உடையோருக்கு நல்லது. அப்பொழுதைப் பயனுறக் கழிக்க எந்த நூலைப் படிக்கலாம் என்று, புறநோயாளர் பிரிவுக்கு வந்தோரிடம் சில வாரங்களாகக் கேட்டு வந்தேன். அவர்கள் கூறிய இரண்டு நூல்களையும், எந்த நூலையும் கூறாத ஒருவரின் விடையையும் இங்கே தருகிறேன்.

முதல் நூலைக் கூறியவர், முதல் வகை நீரிழிவு உடைய கல்லூரி மாணவி. தியா கூப்பர், ஆர்தர் எயின்ஸ்பெர்க் இருவரும் எழுதி 2010இல் வெளிவந்த ‘பிரேக்த்ரூ’ என்னும் ஆங்கில நூல் அது. எலிசபெத் ஹியூஸ் என்னும் அமெரிக்கச் சிறுமிக்கு 1919இல், 11ஆம் வயதில், நீரிழிவு கண்டது. இன்சுலின் இல்லாத அக்காலத்தில், உணவை மிகக் குறைத்து உயிரைச் சில காலம் நீட்டிப்பதே மருத்துவமாக இருந்தது. 1922 ஆகஸ்டில் டொரன்டோ நகரில் மருத்துவர் பான்டிங்கிடம் வந்தபோது அவருடைய எடை ஏறத்தாழ 20 கிலோ. இன்சுலினால் உடல் தேறிய அவர், மணம் புரிந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, 1981 வரை வாழ்ந்தார். “விடுதியில் தோழியர் பார்ப்பார்களே என்று மதிய ஊசியைத் தவிர்த்து வந்தேன், இப்போது தவிர்ப்பதில்லை” என்றார் மாணவி. முதல் வகை நீரிழிவில் ஊசியைத் தவிர்த்தால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

இரண்டாவது நூல், ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் எழுதி 1997இல் வெளிவந்த ‘டயாபடீஸ் சொல்யூஷன்’. 12ஆம் வயதில் நீரிழிவுக்கு ஆளான அவர் ஒரு பொறியாளர். சர்க்கரை அளவிடும் கருவி மருத்துவர்களுக்கே விற்கப்பட்ட 1969ஆம் ஆண்டில், மருத்துவரான தம் மனைவியின் வழியாக அதனைப் பெற்று, வீட்டிலேயே பன்முறை அளந்து பார்த்தார். பின்னர் 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அளந்து எழுதி வைக்கும் அவரது பழக்கம் பின்பற்றத் தக்கது. ஆயினும், மாவுச்சத்தை மிகக் குறைக்கும் அவரது உணவுமுறையைத் தாமாகவே தொடங்குதல் கூடாது. மாத்திரை, இன்சுலின் அளவுகளை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

மூன்றாமவர், பணி ஓய்வு பெற்ற அறுபத்தைந்து வயதுப் பெரியவர். “நாளிதழ்கூட இப்போது படிப்பதில்லை, டாக்டர், ஆர்வம் போய்விட்டது” என்றார். இச்செய்தி மடலின் பழைய இதழ் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அதைச் சன்னல் பக்கம் திருப்பிக் கண்ணுக்கு அருகிலும் தொலைவிலும் பிடித்துப் பார்த்தார். குறைந்தது ஆர்வம் அன்று, பார்வை. இரு கண்களின் விழித்திரையிலும் நீரிழிவின் பாதிப்பு இருந்தது. லேசர் சிகிச்சை அளிக்கப்பட்டது.

சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை நீரேற்று வீங்குவதால், எழுத்து தற்காலிகமாக மங்கலாம். சர்க்கரை சில வாரங்கள் சீராக இருந்த பின்னரே புதுக் கண்ணாடி வாங்குதல் நன்று. விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதடைவது வேறு. அது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே, நன்றாகப் படிக்க முடிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை தேவை. படிக்கும் பழக்கம் உடைய பெரியவர் திடீரென அதனைக் கைவிட்டால், குடும்பத்தார் அதனை முதுமையின் சோர்வு என எண்ணிவிட வேண்டா. ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்தைப் படிக்கச் செய்து, மங்கல் இருப்பின் உடனே அழைத்து வருக.

படிக்கும்போது அருகில் தண்ணீர் இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும். பயணத்தில் இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்ல வேண்டா. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், நீர் தெளித்த மணலில் புதைத்த மண்பானைக்குள் வைக்கலாம்.

லேசர் சிகிச்சை இருக்கும் பார்வையைக் காக்கும்; இழந்ததை முழுதும் மீட்பது அரிது. அப்பெரியவர் இப்போது தலைப்புச் செய்திகளைத் தாமே படிக்கிறார். எஞ்சியவற்றைப் பேரன் படித்துக் காட்டுகிறான். ஓராண்டுக்கு முன்பே வந்திருப்பின், அனைத்தையும் அவரே படித்திருக்கக் கூடும்.