நலம் வளர்க்கும் கல்வி

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கிக் கடிதம் எழுதிய தலைமுறை ஒன்று நம் வீடுகளில் இருந்தது. என் தாத்தாவுக்கு வந்த பழைய அஞ்சலட்டைகள் சிலவற்றை ஆச்சி இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார். எல்லாமே அப்படித்தான் தொடங்குகின்றன. தாத்தாவுக்கு எழுத்து வாசனை இல்லை. பக்கத்து வீட்டார் படித்துச் சொல்லக் கேட்பாராம். அந்த 'நலம்' என்ற சொல்லுக்குப் பொருள் யாது என்று சென்ற ஆண்டு வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. காய்ச்சல், இருமல் இல்லாதிருந்தால் அதுவே நலம் என்றிருந்தேன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே, நோயின்மை மட்டும் நலமாகாது, உடலும் உள்ளமும் சமுதாய வாழ்வும் முழுமையாக நன்னிலையில் இருப்பதே நலம் என்று வரையறுத்துவிட்டது. இதை நான் அறிந்தது வகுப்பறையில் அன்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில்.

ஏழு நாள் முகாம். மூன்றாம் நாள் மாலை, புகையிலையின் தீமைகள் குறித்துப் பேச வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. விலங்கியல் மாணவியாயிற்றே என்று என் தலையில் கட்டிவிட்டனர். நானும் தயங்கவில்லை. நிகோட்டின் என்பது நரம்புச் செல்களிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் சென்று பொருந்திக்கொள்வதையும், மூளை அதற்குப் பழகிப்போய் மீண்டும் மீண்டும் கேட்பதையும், புகையிலுள்ள பிற பொருள்கள் நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் கெடுப்பதையும் படம் வரைந்து விளக்கினேன். கைத்தட்டலும் கிடைத்தது. அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர் எழுந்தார்.

"ஏ பிள்ள, பீடி குடிக்கக் கூடாதுன்னு நல்லாத்தான் சொல்லுத. எல்லாரும் நிப்பாட்டிட்டா நாங்க எதைச் சுத்திப் பொழைக்க?"

சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை, என்னால் விடையும் கூற இயலவில்லை. ஏனெனில் என் தாயாரும் பீடி சுற்றுபவரே. இரவில் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பதும், விடியுமுன் அதை அளவாக வெட்டுவதும், மடியில் சுளகை வைத்துக்கொண்டு தூளை இட்டுச் சுருட்டி நூல் கட்டுவதும் நான் பிறந்தது முதல் பார்த்து வரும் காட்சிகள். கட்டுக்கு இருபத்தைந்து, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். அந்த ஆயிரங்களில்தான் என் பள்ளிச் சீருடையும் கல்லூரிக் கட்டணமும் வந்தன. தூள் நெடியில் அம்மா இருமுவதும் அதே சுளகின் முன்தான். புகையிலையைத் தொட்டுத் தொட்டு வேலை செய்பவர்களின் தோல் வழியாகவும் நிகோட்டின் உடலில் ஏறும் என்பதை நான் அந்த மேடையில் சொல்லவே இல்லை. குடிப்பவனைப் பற்றிப் பேசினேன், சுற்றுபவளை மறந்துவிட்டேன். என் வீட்டையே மறந்துவிட்டேன் என்று சொல்வதே சரி.

முகாம் முடிந்ததும் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைக் கூறினேன். "நீ செய்தது நலக்கல்வி. அந்த அம்மா கேட்டது நல மேம்பாடு. அதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது" என்றார். அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல். நான் தெரிந்துகொண்டவற்றை நம் கல்லூரி நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1974ஆம் ஆண்டில் கனடா நாட்டின் நல அமைச்சர் மார்க் லலோண்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். மக்களின் நலம் நான்கினால் அமைகிறது என்றது அவ்வறிக்கை: பிறவியில் வந்த உடற்கூறு, சுற்றுச்சூழல், வாழ்க்கை முறை, மருத்துவ வசதி. அரசுகளோ பெரும்பணத்தை இறுதியிலுள்ள மருத்துவ வசதிக்கே செலவிடுகின்றன. இதைத் தொடர்ந்து 1978இல் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டாவில் கூடிய மாநாடு, அடிப்படை மருத்துவ வசதி எல்லார்க்கும் உரியது என்று அறிவித்தது. 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் நல மேம்பாட்டுக்கென முதல் உலக மாநாடு கூடியது. அங்கு வெளியான சாசனமே இத்துறைக்கு அடிப்படை நூல் எனலாம். நலம் தரும் பொதுக் கொள்கை, துணைநிற்கும் சூழல், மக்களின் கூட்டுச் செயல், தனி மனிதரின் திறன், நோயைத் தடுக்கும் பக்கம் மருத்துவத் துறையைத் திருப்புதல் ஆகிய ஐந்து பணிகளை அது வகுத்தது. நான் முகாமில் செய்தது இவ்வைந்தில் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி. மேலும், நலத்துக்கு முன்தேவைகள் என்று அச்சாசனம் கூறுவனவற்றுள் அமைதி, உறைவிடம், கல்வி, உணவு ஆகியவற்றுடன் வருமானமும் ஒன்று. அந்த ஆச்சி ஒட்டாவாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆயினும் அவர் கேட்டது அதைத்தான்.

சொன்னால் மக்கள் செய்துவிடுவார்கள் என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இத்துறையில் சொல்லப்படும் பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய எக்ஸ்-கதிர் கருவி பொருத்திய வண்டிகளை மக்கள் வாழும் பகுதிகளுக்கே அனுப்பினார்கள். கட்டணம் இல்லை. இருந்தும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று 1950களில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த உளவியலார் ஆராய்ந்தனர். இந்நோய் எனக்கு வரக்கூடும் என்று ஒருவர் நம்ப வேண்டும். வந்தால் கேடு பெரிது என்று நம்ப வேண்டும். சோதனையால் பயன் உண்டு என்று நம்ப வேண்டும். அதற்குத் தடையாக நிற்பவை பயனைவிடச் சிறியனவாகத் தோன்ற வேண்டும். இதற்கு நல நம்பிக்கை மாதிரி என்று பெயர். நம்மவர்கள் "எனக்கெல்லாம் சர்க்கரை வராது" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது காப்பி குடிப்பதை நினைத்துக்கொண்டால் இம்மாதிரி மனப்பாடம் ஆகிவிடும்.

காசநோய் பற்றிய மற்றொரு செய்தி நம் சென்னையைச் சேர்ந்தது. 1956இல் அங்கு ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைத் தனி மருத்துவமனையில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம் அது. சென்னை மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கடியான வீடுகள், உணவும் குறைவு. ஆயினும் 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். உடன் வாழ்ந்தோர்க்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகின் காசநோய் மருத்துவமே இதனால் வீட்டை நோக்கித் திரும்பியது. அதன்பின் கேள்வி வேறாயிற்று: நோயாளி மாதக்கணக்கில் தவறாமல் மருந்து உண்பாரா? கூலிக்குப் போக வேண்டிய நாளில் மருந்து வாங்க வருவாரா? மாத்திரை வேதியியலார் செய்து கொடுப்பது. அதை விழுங்கும் நாள் வரை உள்ள வழி முழுவதும் நல மேம்பாட்டாளரின் வேலை. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தபோது இந்த வழியைத்தான் சுருக்கியது.

முதுநிலையில் இத்துறையைப் பயில்வோர் நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், மனித நடத்தை பற்றிய கோட்பாடுகள், திட்டமிடல், திட்டத்தின் பயனை அளந்தறிதல் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். களப்பணியும் ஆய்வேடும் உண்டு. புள்ளியியலைக் கண்டு அஞ்சும் நண்பர்களுக்கு ஒரு சொல்: நாம் துணைப்பாடத்தில் படிக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் அங்கே முதல் வாரத்துக்கே போதாது என்று கேள்வி.

இனி, இணையவழியில் ஏன் என்பது. என் நிலையில் உள்ளவர் பலர் இருப்பீர். பட்டம் முடிந்ததும் வீட்டுக்குச் சம்பளம் வேண்டும். விடுதியில் தங்கி ஈராண்டு படிக்க வழியில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழி புதியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. தபாலில் வந்த பாடக்கட்டு இன்று கைப்பேசியில் வருகிறது, அவ்வளவே. 2017இல் வந்த 'சுவயம்' தளத்தில் காணொளி, படிக்கும் பாடம், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என நான்கு பகுதிகளாகப் பாடங்கள் அமைந்துள்ளன. பொதுநலம் தொடர்பான பாடம் ஒன்றில் நானும் சேர்ந்து பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்குமேல் எங்கள் தெருவில் அலைவரிசை சீராக இருக்கும். அம்மா இலை வெட்டும் நேரமும் அதுவே. கத்தரிச் சத்தத்துக்கு நடுவே ஆங்கில உரையைக் கேட்டு, ஒரு மணி நேரப் பாடத்தை மூன்று மணி நேரத்தில் முடிப்பேன். நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம் என்பது வகுப்பறையில் இல்லாத வசதி. கேள்வி கேட்க ஆளில்லை என்பது வகுப்பறையில் இல்லாத குறை.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பளித்த நிறுவனம், ஏற்பளித்த படிப்பு, அந்தக் கல்வியாண்டு ஆகிய மூன்றையும் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் சரிபார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். முறையாக ஏற்கப்பட்ட இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022இல் குழு விளக்கியுள்ளது. அதே குழு 2025 ஆகஸ்டில், 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழிலர் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது என்று அறிவித்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு ஊட்டவியல் முதலியன அதில் அடங்கின. நல மேம்பாடு என்னும் பெயரில் விளம்பரம் செய்யப்படும் படிப்பு இந்தக் கோட்டுக்கு எப்பக்கம் நிற்கிறது என்பதைச் சேருமுன் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. இதற்கு வெட்கப்பட வேண்டாம். நம் வீட்டில் இதையெல்லாம் கேட்டுச் சொல்ல அண்ணனோ சித்தப்பாவோ இல்லை. நாமேதான் கேட்க வேண்டும். நேரில் படிக்க இயன்றவர்க்குத் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1964 முதல் இயங்கிவரும் ஊரக நலவாழ்வு நிறுவனம் போன்றவையும் உள்ளன.

இணையவழியின் பெருங்குறையாக எனக்குத் தோன்றுவது களப்பணி. திரையில் எத்தனை பாடம் கேட்டாலும், அந்த ஆச்சி எழுந்து நின்று கேட்டது போல் எந்தத் திரையும் கேட்காது. எனவே களத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். என் களம் என் தெருதான்.

மாமா "பி.எட். படி, வாத்தியார் வேலை நிச்சயம்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாவிடம் இப்படிப்பு பற்றிச் சொன்னபோது வேலையை நிறுத்தாமலேயே கேட்டார்.

"ஏட்டி, அந்தப் படிப்புல பீடி சுத்துதவங்களப் பத்தி எதும் எழுதியிருக்கா?"

இருக்கிறது. 2005இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உலக உடன்படிக்கையில் பதினேழாம் பிரிவு அதுதான். புகையிலைத் தொழிலாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் பிழைக்கத்தக்க மாற்றுத் தொழிலை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதில் கையொப்பமிட்ட நாடே. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"மாத்துத் தொழில்னா என்ன தொழில்?" என்றார்.

அதை அப்பிரிவு கூறவில்லை. வரும் கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் பீடி சுற்றும் முப்பது வீடுகளுக்கும் சென்று, என்ன தொழில் தெரியும், எதைக் கற்க விருப்பம், இருமல் எத்தனை பேருக்கு என்று எழுதிக்கொள்ள ஒரு வினாத்தாள் ஆயத்தம் செய்துள்ளேன். பதினான்கு வினாக்கள். முதல் வீடு எங்கள் வீடு.