விழுந்த பங்கில் இத்தனை வால்யூம் ஏன்?

ஒரு பங்கு ஒரே நாளில் சரிந்து, வால்யூமும் பல மடங்கு எகிறிவிட்டால் அன்று மாலையே பலர் கேட்பது இதுதான்: "யாரோ பெரிய கை அள்ளுது போலிருக்கே, நாமும் நுழையலாமா?" அள்ளியவர் இருக்கலாம். அவர் அள்ளிய அத்தனை பங்கையும் விற்றுத் தலைமுழுகியவரும் இருக்கிறார். எத்தனை பங்கு கைமாறியது என்பதற்குமேல் வால்யூம் எதுவும் சொல்வதில்லை.

ஓர் உதாரணம்: டெரிவேட்டிவ் கணக்கில் முரண்பாடு இருப்பதாகவும், நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதம் அடிபடலாம் என்றும் இண்டஸ்இண்ட் வங்கி 2025 மார்ச் 10 அன்று அறிவித்தது. மறுநாள் பங்கு சுமார் 27 சதவீதம் விழுந்தது. வால்யூம் பிய்த்துக்கொண்டு போனது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பங்கு என்பதால், ஒரு நாளில் இவ்வளவுதான் விழலாம் என்ற நிலையான சர்க்யூட் வரம்பு கிடையாது. விற்க நினைத்தவர்கள் அன்றே விற்க முடிந்தது. சிறிய நிறுவனமாக இருந்தால் லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டு, வாங்க ஆளில்லாமல் வால்யூம் சொற்பமாகவே இருந்திருக்கும். பூட்டு திறக்கும் நாளில்தான் மொத்தமும் வெளியே கொட்டும்.

இப்படிப்பட்ட நாளில் விற்பவர்கள் எல்லோரும் யோசித்து விற்பதில்லை. ஸ்டாப் லாஸ் தானாக விற்கும். மார்ஜின் போதாவிட்டால் புரோக்கர் விற்பார். புரோமோட்டர் அடமானம் வைத்த பங்கைக் கடன் கொடுத்தவர் விற்பார். இவற்றில் நான் அதிகம் அஞ்சுவது கடைசி வகைக்குத்தான். போதாக்குறைக்கு, காலையில் விற்று மதியம் திரும்ப வாங்கும் தினவணிகர்கள்; ஒரே பங்கு பல கை மாறி எண்ணிக்கையை ஊதிவிடும்.

அதனால் முதலில் டெலிவரி சதவீதத்தைப் பாருங்கள்: கைமாறியதில் அன்றே திரும்ப விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்குப் போன பங்கு எவ்வளவு என்பதை அது காட்டும். என்எஸ்இ தினமும் வெளியிடுகிறது. குறைவாக இருந்தால் பெரும்பகுதி அன்றாட ஆட்டம். அதிகமாக இருந்தால் நல்லது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மியூச்சுவல் ஃபண்டுகள் தினவணிகம் செய்ய முடியாது. அவை பதறி விற்றாலும் டெலிவரியாகவே பதிவாகும்.

ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவரே ஒரு நாளில் கைமாற்றினால், பெயரோடும் விலையோடும் அன்று மாலையே பல்க் டீல் பட்டியலில் வந்துவிடும். அங்கே வாங்கியவரை மட்டும் பார்த்து மகிழாமல், விற்றவர் யார் என்றும் பாருங்கள்.

கெட்ட செய்தி அத்தோடு முடிந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்த வால்யூமும் பதில் தராது. அதே வங்கி ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது மே மாதத்தில்தான். நிறுவனம் பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிக்கையை முழுதாகப் படிக்காமல், வால்யூமை மட்டும் நம்பி விழுந்த பங்கில் பணம் போடாதீர்கள்.