வேலையை விட்டாலும் பென்ஷனை விடாதீர்கள்

பிள்ளைப்பேறு, பெற்றோரைக் கவனிப்பது என்று வேலையை விடும் பெண்கள் பலரும் பி.எஃப். பணத்தோடு அதன் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட நினைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு பணி வேண்டும். அதற்குள் எடுத்தால் உழைத்த ஆண்டுகளெல்லாம் கணக்கில் வராமல் போகும். ஓய்வூதியப் பங்கை எடுக்கக் கொடுக்கும் அதே 10சி படிவத்தில், பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள். மறுபடி வேலைக்குப் போகும்போது பழைய ஆண்டுகளும் சேரும்.

சம்பளம் இல்லாதபோது பி.எஃப்.பில் கட்ட முடியாது, என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கட்டலாம். ஆண்டுக்கு 1,000 ரூபாய் போட்டாலே கணக்கு முடங்காது.

வருமான வரி கட்டாதவர், வயது 18 முதல் 40க்குள் என்றால், அரசின் அடல் பென்ஷன் திட்டம் நல்ல வழி. 60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் வர, 30 வயதில் சேர்பவருக்கு மாதத் தவணை 577 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் 1,454. தள்ளிப்போடுவதன் விலை இது! தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். இருப்பு இல்லையென்றால் தாமதக் கட்டணம் உண்டு. பணம் கொடுப்பது கணவரானாலும், கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.