உதிர்ந்த இலையின் கணக்கு



நம் பள்ளி வாதாமரத்தடியைப் பெருக்கும் முறை எங்கள் வகுப்புக்கு வரும் வாரங்களிலெல்லாம் எங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. இன்று கூட்டிக் குவித்தால் நாளைக் காலையில் அதே அளவு சருகு மறுபடியும் கிடக்கும். காட்டில் பெருக்குவார் யாருமில்லை. அங்கே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இலை உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் மரங்களின் கழுத்துவரை அல்லவா சருகு ஏறியிருக்க வேண்டும்? ஆனால் வெப்பமண்டல மழைக்காட்டுத் தரையில் நடப்பவரின் பாதத்தை மூடுமளவுக்குக்கூடப் பல இடங்களில் சருகு இருப்பதில்லை.

இதை வகுப்பில் பேசியபோது, "மட்கிப் போகிறது, சிஸ்டர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். "மட்கி எங்கே போகிறது?" என்று சிஸ்டர் மறுபடி கேட்டார்கள். எவரும் வாய் திறக்கவில்லை.

இலையின் வரலாற்றை அது உதிர்வதற்கு முன்னிருந்தே தொடங்க வேண்டும். காய்ந்த இலையின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அது மண்ணிலிருந்து வந்ததன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து சூரிய ஒளியின் துணைகொண்டு மரம் சேர்த்தது. இலை பழுத்ததும், அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஒரு பங்கை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்யும் குடும்பம் பாத்திரம் பண்டங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் போல. பிறகே காம்பு கழன்று இலை விழுகிறது.

கீழே அதற்காகப் பெரிய கூட்டமே காத்திருக்கிறது. மரவட்டையும் கறையானும் மண்புழுவும் கடித்துத் துண்டாக்குகின்றன. பூஞ்சையின் வெள்ளை இழைகள் துண்டுகளுக்குள் ஊடுருவுகின்றன. பாக்டீரியாக்கள் மீதியைக் கவனித்துக்கொள்கின்றன. இவை எல்லாம் உண்பது உயிர் வாழ. உண்டதை எரித்து மூச்சாக விடுவது, நம்மைப் போலவே, கரியமில வாயுவை. ஆக, இலையிலிருந்த கார்பனில் பெரும்பங்கு வந்த வழியே காற்றுக்குத் திரும்புகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள், சில வேளைகளில் நூற்றாண்டுகள்கூட, மண்ணில் தங்குகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்து விடும் இந்த மூச்சுக்கு மண்ணின் சுவாசம் என்று பெயர். வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டில் பெரும்பாலான இலைகள் ஓராண்டுக்குள் உருத்தெரியாமல் போய்விடும். குளிர்நாட்டு ஊசியிலைக்கோ பல ஆண்டுகள் பிடிக்கும்.

இலையில் மிஞ்சிய உப்புச்சத்துகளைக் காடு எவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். வெனிசுலா நாட்டில் சான் கார்லோஸ் என்ற இடத்தருகே மண் மிகவும் சத்தற்றது. அங்கே மெல்லிய வேர்கள் பின்னிப் பாய் விரித்தாற்போல் தரையின் மேலேயே கிடக்கின்றன. கதிரியக்கம் கொண்ட கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அந்த வேர்ப்பாயின் மேல் தெளித்துப் பார்த்தார்கள் நெல்லி ஸ்டார்க், கார்ல் ஜோர்டன் என்னும் இருவர். 1978-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பாயைக் கடந்து கீழே கசிந்தது ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை! நம் வீட்டுச் செலவுக் கணக்கில் இவ்வளவு சிக்கனம் பார்க்க முடியுமா என்பது சந்தேகமே.

இனி, இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்துக்கு வருவோம். எங்கள் வகுப்புப் பட்டிமன்றத்தில் எதிரணியினர் இப்படி வாதாடினார்கள்: "1958-இல் ஹவாய்த் தீவிலுள்ள மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. சரி, அது செடிகொடிகளுக்கு உணவுதானே? உணவு கூடினால் மரம் செழிக்கும்; செழித்தால் இலை கூடுதலாக உதிரும்; உதிர்ந்தால் மண்ணில் கார்பன் சேரும். காடே பாரத்தைச் சுமந்துகொள்ளும், நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" கைதட்டல் ஓயவில்லை. எங்களிடம் அன்று பதில் இல்லை, தோற்றோம். பதில் நூலகத்தில் பிறகு அகப்பட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான், இருந்தாலும் பரிமாறுகிறோம்.

மத்திய அமெரிக்காவில் பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை அணைகட்டித் தடுத்தபோது பள்ளத்தாக்குகள் ஏரியாயின. ஒரு குன்று தீவாகத் தனித்து நின்றது. அதுவே பாரோ கொலராடோ தீவு. 1923-இல் அது ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. தீவுக்கு அருகில், கிகாந்தே தீபகற்பக் காட்டில், எம்மா சேயர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தோரும் எங்கள் எதிரணியின் வாதத்தையே சோதித்துப் பார்த்தார்கள். அங்கே ஆண்டு மழை சுமார் 2,600 மில்லிமீட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி.

முறை மிக எளியது. பக்கத்துக்கு 45 மீட்டர் நீளமுள்ள 15 சதுரங்களை அளந்துகொண்டார்கள். ஒன்றின் வேர் மற்றொன்றில் நுழையாதபடி சுற்றிலும் அரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிப் பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்து மூடினார்கள். 2003 ஜனவரி முதல், மாதம் ஒருமுறை, ஐந்து சதுரங்களின் சருகை வாரி எடுத்து வேறு ஐந்து சதுரங்களில் பரப்பினார்கள். மீதி ஐந்தைத் தொடவில்லை. ஆகவே ஓரிடத்தில் சருகு இல்லை, ஓரிடத்தில் இயல்பான அளவு, ஓரிடத்தில் இரட்டிப்பு. மண்ணில் பதித்த வளையங்களின் மேல் மூடியுள்ள கருவியை வைத்து, மண் விடும் மூச்சை அளந்தார்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுவரை அளந்ததில், சருகு நீக்கிய மண்ணின் சுவாசம் இயல்பைவிட 20 சதவீதம் குறைந்தது. தோழியரே, இங்கே பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு சருகை எடுத்தால் 20 குறைகிறது என்றால், ஒரு பங்கு சருகைச் சேர்த்தால் 20 கூட வேண்டும். ஆனால் சருகு சேர்த்த இடத்தில் மண்ணுக்குள் மெல்லிய வேர்கள் குறைந்துவிட்டன. வேர் குறைந்தால் வேரின் மூச்சும் குறையும்; அதற்காக 11-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 9. அளந்து பார்த்தபோது கூடியிருந்ததோ 43! எதிர்பார்த்ததற்கு மேல் 34.

எங்கள் எதிரணித் தலைவி இந்தக் கணக்கை இருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "போட்ட சருகுக்கு மேல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். அதுதான் கேள்வி. ஈர விறகு தானே எரியாது. அதன்கீழ் காய்ந்த தென்னோலையைச் செருகிக் கொளுத்தினால் ஓலையோடு விறகும் பற்றிக்கொள்ளும். புதுச் சருகு தந்த தெம்பில், மண்ணில் வெகுகாலமாகப் படிந்திருந்த பழைய கார்பனையும் நுண்ணுயிர்கள் சிதைக்கத் தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் 2007-இல் கூறிய விளக்கம். நுண்ணுயிர்களின் மொத்த எடை கூடவில்லை என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆட்கள் பெருகவில்லை, வேலைதான் பெருகியது!

2011-இல் அதே குழுவினர் போட்ட மதிப்பீடு இது: இத்தகைய தாழ்நிலக் காட்டில் உதிரும் சருகு 30 சதவீதம் கூடினால், ஹெக்டேர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் சுமார் 0.6 டன் கார்பன் மண்ணிலிருந்து வெளியேறலாம். உலக மண்ணில் உள்ள கார்பனில் ஏறக்குறைய 30 சதவீதம் வெப்பமண்டலக் காடுகளின் மண்ணில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் இது சிறு தொகையன்று. 2019-இல் வந்த அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. 13 முதல் 15 ஆண்டுகள் இரட்டிப்புச் சருகு போட்டும், களிமண்ணோடு இறுகப் பிணைந்த கார்பன் கூடவில்லை. சேர்ந்த சிறிதளவும் பெரும்பாலும் எளிதில் சிதையக்கூடியதாகவே இருந்தது.

காடு நமக்கு உதவுவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நிற்கும் மரத்தின் அடிமரத்திலும் கிளையிலும் வேரிலும் கார்பன் இருக்கிறது. வெட்டி எரித்தால் அதில் பெரும்பகுதி காற்றுக்குப் போகும். காட்டுத் தரையில் எவ்வளவு கொட்டினாலும் அது அப்படியே வைத்துக்கொள்ளும் என்ற பேச்சுத்தான் கிகாந்தேயில் நிலைக்கவில்லை. எதிரணித் தலைவி இதை ஒப்புக்கொண்டாள். ஆனால் அது ஒரு காடு, ஒரு வகை மண் என்பதை மறக்கக் கூடாது என்றாள். அதை நாங்களும் ஒப்புக்கொண்டோம். கோப்பையை மட்டும் திருப்பித் தர மறுத்துவிட்டாள்.

பக்கத்துக்கு 45 மீட்டர் என்றால் ஒரு சதுரம் ஏறத்தாழ அரை ஏக்கர். ஐந்து சதுரங்கள் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். மாதந்தோறும் அத்தனையையும் வாரி, சுமந்து, வேறிடத்தில் பரப்பியிருக்கிறார்கள், மழைக்காலத்தில் நனைந்த சருகு உட்பட. 15 ஆண்டுகளுக்கு 180 முறை. இதைப் படித்த மறுவாரம் வாதாமரத்தடி முறை மறுபடி எங்களுக்கு வந்தது. அந்த வாரம் யாரும் முணுமுணுக்கவில்லை. அதற்கடுத்த முறை வந்தபோது முணுமுணுத்தோம்.