பத்மினி ஏன் நின்றது?

வழியில் நின்றுவிட்ட பழைய காரைச் சுற்றி நால்வர் கூடினால், நால்வரும் கை வைப்பது கார்புரேட்டர் மீதுதான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுவே. ஆனால் பெட்ரோல் அங்கு வந்து சேருமுன் வண்டியின் வால் முதல் தலை வரை பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தில் எங்கே தடை என்று அறியாமல் முடிவிடத்தைக் கழற்றிப் பார்த்துப் பயன் என்ன?

எடுத்துக்காட்டாகப் பிரீமியர் பத்மினியைக் கொள்வோம். 1964 இல் ஃபியட் 1100 டிலைட் என்று மும்பையில் உருவாகி, 1974 முதல் பத்மினி எனப் பெயர் பூண்ட வண்டி இது. இவ்வகை டாக்சிகளில் கடைசியானது 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றது. சொந்த வண்டிகளாக இன்னும் பல ஓடுகின்றன. நம் சங்க அன்பர் சிலர் வீட்டுக் கொட்டகையிலும் ஒன்று நிற்கக்கூடும்.

டாங்கு பின்னால், எஞ்சின் முன்னால். இடையே ஓர் உலோகக் குழாய். ஆங்காங்கே இணைப்புக்குச் சிறு ரப்பர் குழாய்கள். எஞ்சினின் பக்கத்தில் பொருத்திய பம்பினுள் ஒரு சவ்வு உண்டு. பட்டறையில் டயஃப்ரம் என்பார்கள். கேம் ஷாஃப்டு ஒரு நெம்புகோலை அசைக்க, அது சவ்வைக் கீழே இழுக்கிறது. சவ்வுக்கு மேலே அழுத்தம் குறைகிறது. டாங்கிலுள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளிக்கொண்டு வருகிறது. பின்னர் ஒரு சுருள்வில் சவ்வை மேலே உந்த, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. அங்கே மிதவைக் கிண்ணம் நிறைந்தால் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். சவ்வு கீழேயே நிற்கும். நெம்புகோல் மட்டும் வெறுமனே ஆடும். பம்பு உறிஞ்சுகிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் தள்ளுவது காற்று.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பம்பு முதல் கார்புரேட்டர் வரை உள்ளே அழுத்தம் மிகுதி. அங்கு வெடிப்பிருந்தால் பெட்ரோல் வெளியே கசியும். டாங்கு முதல் பம்பு வரை வண்டி ஓடும்போது உள்ளே அழுத்தம் குறைவு. அங்கு வெடிப்பிருந்தால் காற்று உள்ளே புகும். ஒரு சொட்டும் வெளியே வராமலிருக்கலாம். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவரின் பத்மினி மேடேறும்போதெல்லாம் திணறிற்று. இரண்டு கார்புரேட்டர்கள் மாற்றியாயிற்று. பின்புற ரப்பர் குழாயைப் பார்க்கலாமா என்றேன். “அங்கே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே தம்பி, என்ன பார்ப்பது?” என்றார். கழற்றி வளைத்துப் பார்த்தால் நான்கு அங்குலக் குழாயில் நகக்கீறல் போல ஆறேழு வெடிப்புகள்! அந்தக் குழாயின் விலையைக் கேட்டபோது அவர் முகத்தில் தோன்றியது மகிழ்ச்சியா கோபமா என்று சொல்ல முடியாது.

காற்றுதான் தள்ளுகிறது என்றால், டாங்கினுள் காற்று நுழையவும் வழி வேண்டும் அல்லவா? அந்தச் சிறு துளையில் அழுக்கடைத்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் வளரும். வண்டி சில மைல் ஓடி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துத் தானே கிளம்பும். கோடையில் நெரிசலில் நிற்கும்போதும் இதே போல நேரும். அதன் காரணம் வேறு: எஞ்சினின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் கொதிநிலையும் குறையும் என்பது நாம் படித்ததே. ஆவியைப் பம்பினால் தள்ள இயலாது. இரண்டு நோயும் சற்று நேரம் பொறுத்தால் தீர்வதால் பலரும் குழம்புகின்றனர். நின்றவுடன் டாங்கின் மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்து வண்டி கிளம்பினால் குற்றம் துளையில். இல்லையெனில் பம்பின்மீது ஈரத்துணி போட்டுப் பாருங்கள். பழைய ஓட்டுநர்களின் இந்த வைத்தியம் அறிவியலுக்கு ஒத்ததே.

இனிச் சோதனை. எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், தீயும் புகையும் அருகில் இன்றிச் செய்க. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவித் தொலைவிலுள்ள பொறியையும் தேடிச் செல்லும். காயிலுக்குச் செல்லும் மின்கம்பியைக் கழற்றி, அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றுக. கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்க. பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீறிட்டால் பம்பு வரை குற்றமில்லை. அப்போதுதான் ஊசி வால்வையும் ஜெட்டையும் பார்க்க வேண்டும். குமிழிகளோடு வந்தால் பின்பக்கம் காற்று புகுகிறது. செந்தூள் வந்தால் டாங்கு துருப்பிடித்திருக்கிறது; ஃபில்டரை மாற்றுவது அதற்குத் தற்காலிக மருந்தே.

நம் காலத்தில் வேறொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 இல் விற்பனைக்கு வந்து, 2025 க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பத்மினியின் ரப்பர் பாகங்கள் அதற்கென அமைந்தவை அல்ல. அவை ஊறி உப்பும், பின் வெடிக்கும். நெடுநாள் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். நீரையும் இழுக்கும், நீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டாங்கின் அடியில் தனி அடுக்காகப் பிரியும். அன்றியும் எத்தனாலின் எடையில் மூன்றிலொரு பங்குக்குமேல் ஆக்சிஜன். பழைய ஜெட்டின் வழியே அதே அளவு எரிபொருள் சென்றாலும் கலவை மெலிந்துவிடுகிறது. பம்பு நன்றாயிருந்தும் பெட்ரோல் போதாதது போல வண்டி திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது சற்றே பெரிய ஜெட் வேண்டும்.

சவ்வு கிழிந்தால் வரும் கேடு பெரிது. பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்து பேரிங்குகளைத் தேய்த்துவிடும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். எண்ணெயின் மட்டம் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் நெடி வந்தால், வண்டியைக் கிளப்பாதீர்கள். பம்பையும் எண்ணெயையும் ஒருங்கே மாற்றுக. புதுச் சவ்வும் குழாயும் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குக. பழைய இருப்பிலிருந்து மலிவாகக் கிடைப்பது ஓராண்டுகூடத் தாங்காமல் போகலாம்.